அகலமான வீல்களை உரசாமல் பொருத்துவது எப்படி?

கோவையில் எந்த வீல் கடைக்குப் போய், "இது என் காரில் உரசுமா?" என்று கேட்டாலும், "அதெல்லாம் தொடாதுங்க" என்றுதான் பதில் வரும். அவினாசி சாலையில் நேராக ஓட்டும்வரை அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில், ஸ்டீயரிங் முழுவதும் திரும்பியிருக்கும்போதே பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷனும் அமுங்குகிற நொடியில்தான் உண்மை தெரியும். நின்றுகொண்டிருந்த காரில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்ததை நம்பி வீல் வாங்கியவன் நான். மலையேறி இறங்கியபோது முன்பக்க லைனரில், அதாவது மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில், ஓர் ஓட்டை விழுந்திருந்தது. ஆகவே அளவெடுக்கும் வேலையைப் பணம் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வீலின் அகலம் கூடும்போது அது உள்ளேயும் வெளியேயும் சரிபாதியாகக் கூடும். ஆஃப்செட் என்பது ஹப்பில் (வீல் போல்ட் செய்யப்படும் சுழலும் மையப் பகுதி) அமரும் முகம், வீலின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதாகும். வீலின் பின்புறத்தில் 'ஈடி 40' என்பதுபோல் வார்த்திருப்பார்கள். 8 அங்குலம், ஈடி 40 அளவுள்ள வீலை எடுத்துவிட்டு 9.5 அங்குலம், ஈடி 35 அளவுள்ள வீலை மாட்டினால், ஒவ்வொரு பக்கமும் 19 மி.மீ. கூடும். ஆஃப்செட் 5 குறைந்ததால் வெளிப்புறம் 24 மி.மீ. நகரும், உட்புறம் 14 மி.மீ. நகரும். இப்போது உட்புறத்தில் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் இடையே 17 மி.மீ. மட்டுமே இருந்தால், மிஞ்சுவது 3 மி.மீ.; அது போதாது, குறைந்தது 5 மி.மீ. வேண்டும். ஈடி 30 எடுத்தால் உள்ளே 8 மி.மீ. கிடைக்கும், ஆனால் வெளியே 29 மி.மீ. துருத்தும். ஆஃப்செட் குறையக் குறைய, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் சுற்றும் வட்டமும் பெரிதாகி, பம்பர் லைனரின் ஓரத்தைத் தொடும். முன்வீலில் வெளியே மட்டும் இடம் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அளவெடுக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கொத்தனாரின் தூக்குக்குண்டை மட்கார்டின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலிலிருந்து டயரின் பக்கச்சுவர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். உட்புறத்துக்கு நான் கண்ட எளிய வழி, கெட்டியாகப் பிசைந்த மைதா மாவு. எலுமிச்சை அளவு உருண்டையை டயரின் உட்பக்கச் சுவரில் ஒட்டி, காரை ஜாக்கியில் ஏற்றி வீலைக் கையால் மெல்லச் சுழற்றினால், ஷாக் அப்சார்பர் மாவை வழித்துவிட்டுப் போகும். வழித்தபின் டயரில் மிஞ்சும் மாவின் உயரமே உள்ளபடியான இடைவெளி.

ஆனால் இது நிற்கும் நிலையின் அளவு மட்டுமே. சரியான சோதனைக்கு ஒரு பக்கத்து ஸ்பிரிங்கைக் கழற்றி, ஷாக் அப்சார்பரை மட்டும் திரும்ப மாட்டி, அந்தப் பக்கத்து ஆன்டி-ரோல் பார் (இரு பக்கச் சஸ்பென்ஷனையும் இணைக்கும் கம்பி) இணைப்பையும் விடுவித்து, காரை ஸ்டாண்டின்மேல் உறுதியாக நிறுத்தியபின் ஹப்பை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்) முட்டும்வரை தூக்க வேண்டும். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இரு கோடிகளுக்கும் திருப்பிப் பார்த்தால், எங்கே தொடும் என்பது கண்ணெதிரே தெரியும். பம்ப் ஸ்டாப் ரப்பரும் ஓட்டத்தில் கொஞ்சம் அமுங்கும் என்பதால், சில மி.மீ. கூடுதலாக விட வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றுவது ஆபத்தான வேலை. பழகிய மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

டயரின் வெளி விட்டம் மாறாமல் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை வராது. 225/45 ஆர்17 (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், வீல் 17 அங்குலம்) டயரின் விட்டம் 634 மி.மீ., 255/40 ஆர்17 டயருடையது 636 மி.மீ. என்பதால் இந்த மாற்றம் பொருந்தும். டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமைக் குறியீடு பழைய டயருடையதைவிடக் குறையக் கூடாது.

சிறிது நெகட்டிவ் கேம்பர் கொடுத்து டயரின் மேற்பகுதியை உள்ளே சாய்ப்பது வழக்கம். ஒரு டிகிரிக்கு இத்தகைய டயரின் உச்சி, அதன் நடுவைக் காட்டிலும் ஏறத்தாழ 5.5 மி.மீ. உள்வாங்கும். ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடித்திருக்கும் கேம்பர் பிளேட்டால் சாய்த்தால் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து சாய்வதால் உள் இடைவெளி மாறாது. கீழே நக்கிள் (ஹப்பைத் தாங்கும் பாகம்) ஷாக் அப்சார்பரோடு சேரும் போல்ட்டில் சாய்த்தால் உள்ளே இடம் குறையும். அதற்கும் மேலே போய் மட்கார்டின் உள்மடிப்பை மடக்க நினைத்தால், பெயிண்டை ஹீட் கன்னால் சூடாக்கியபடி, பலமுறை சிறிது சிறிதாக உருட்ட வேண்டும். என் காரில் அவசரமாகக் குளிரிலேயே உருட்டிவிட்டார்கள். வெடித்த பெயிண்டின் வழியே அடுத்த மழைக்காலத்தில் துரு ஏறியது.

வீலின் நடுத்துளையையும் கவனிக்க வேண்டும். உதாரணத்துக்கு, நிசான் 370ஸெட் காரின் ஹப் விட்டம் 66.1 மி.மீ.; வெளிச்சந்தை வீல்கள் பலவற்றில் துளை 73.1 மி.மீ. இந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்ற வளையம் வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் பிளாஸ்டிக் ரிங்கைத் தவிர்ப்பது நல்லது, பிரேக்கின் சூடு அதை இளக்கிவிடும். அளவு சொன்னால் அலுமினியத்தில் கடைந்து தரும் லேத் பட்டறைகளுக்குக் கோவையில் பஞ்சமே இல்லை.

டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தக் கூடாது. பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

மாட்டி முடித்து அலைன்மென்ட் பார்த்தபின், சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து லைனரின் உட்புறத்திலும் மட்கார்டு மடிப்பிலும் பூசிக் காய விடுங்கள். டேங்கை நிரப்பி, ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, வேகத்தடைகளின்மேல் மெதுவாகவும் பின் மலைவளைவுகளிலும் ஓட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். பூச்சு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் இன்னும் இடம் தேவைப்படுகிறது. நூறு கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) ஒருமுறை மீண்டும் சரிபார்த்துவிடுங்கள்.