ஃபார்மேட் ஆகாத பென்டிரைவ்: என் அனுபவம்

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவப் பயன்படுத்திய 32 ஜிபி பென்டிரைவ். விண்டோஸில் செருகினால் சில எம்பிதான் காட்டியது; ஃபார்மேட் கொடுத்தாலும் முடியவில்லை என்று அடம்பிடித்தது. பென்டிரைவில் பழுதில்லை, உபுண்டுவின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் கோப்பு) அதில் எழுதியபோது உருவான பார்ட்டிஷன் (வட்டுப் பிரிவு) அமைப்புதான் சிக்கல்.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து வட்டுகளைப் பிரித்தமைக்கும் விண்டோஸ் கருவியான 'டிஸ்க்பார்ட்' போட்டேன். 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்ததும் டிஸ்க் 1 எதிரே 931 ஜிபி, டிஸ்க் 2 எதிரே 28 ஜிபி. முதலாவது வீட்டுப் படங்கள் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்; இரண்டாவதுதான் பென்டிரைவ். இங்கே அவசரமே கூடாது. 'கிளீன்' கட்டளை 'உறுதிதானா?' என்றுகூடக் கேட்காமல், தேர்ந்தெடுத்த டிஸ்கைத் துடைத்துவிடும். பேசாமல் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டேன்.

'செலக்ட் டிஸ்க்' போட்டு பென்டிரைவின் எண், 'கிளீன்', அப்புறம் 'கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி'. பிறகு வழக்கம்போல எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்தேன். ஏனென்றால், 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோவை ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறை ஏற்காது. இப்போது முழுக் கொள்ளளவும் தெரிகிறது.