மாடிக்கு இரண்டாவது ரவுட்டர்: எங்கே தவறு நடக்கிறது?

கீழ்த்தளத்தில் ஃபைபர் மோடம் இருக்கிறது, ரவுட்டரும் அதற்குள்ளேயே அடக்கம். கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை மாடிக்கு ஏறவில்லை. பரணில் ஒரு பழைய ரவுட்டர் சும்மா கிடக்கிறது. லான் கேபிளை மாடிக்கு இழுத்து, நுனியில் அந்த ரவுட்டரை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். மாட்டிய அன்று ஓடவும் செய்யும். மறுநாள் கீழே டிவியில் நெட் இருக்காது, ஒரு போன் மட்டும் ஓடும், பிரிண்டரைக் காணோம். சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டால், லைன் சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் அது உண்மை.

ரவுட்டர் என்று நாம் வாங்கும் பெட்டிக்குள் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று வைஃபை. இன்னொன்று, பின்னால் இருக்கும் நான்கு லான் போர்ட்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச். மூன்றாவது, வீட்டிலுள்ள கருவிகளுக்கு ஐ.பி. முகவரி வழங்கி, அவற்றை வெளியே இன்டர்நெட்டுக்கு அனுப்பும் வேலை. மாடிக்குத் தேவை முதல் இரண்டுதான். மூன்றாவது வேலையைக் கீழே உள்ள பெட்டி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. மாடிப் பெட்டியும் அதையே செய்யத் தொடங்கினால் வீடு முழுக்கக் குழப்பம்தான்.

முகவரி கொடுக்க இரண்டு பேர்

இதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. ஒரு போன் வைஃபையில் சேர்ந்ததும், "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று வலையமைப்பு முழுவதற்கும் குரல் கொடுக்கும். பதில் சொல்வது டி.எச்.சி.பி. என்ற சேவை. புது ரவுட்டர் எதிலும் அது ஆன் ஆகியே வரும். இரண்டு ரவுட்டர்களின் லான் போர்ட்களைக் கேபிளால் இணைத்துவிட்டு மாடிப் பெட்டியில் இதை அணைக்காமல் விட்டால், இரண்டும் பதில் சொல்லும். பொதுவாக, முதலில் வந்த பதிலைத்தான் போன் எடுத்துக்கொள்ளும். மாடி ரவுட்டரின் பதில் முந்திவிட்டால், "வெளியே போகும் வாசல் நான்தான்" என்று அது தன் முகவரியையே கேட்வே என்று கொடுத்திருக்கும். அந்தப் பெட்டிக்கோ இன்டர்நெட் லைனே கிடையாது. போனில் வைஃபை முழுதாகக் காட்டும், நெட் வராது.

மாட்டிய அன்றே இது தெரியாமல் போவதற்கும் காரணம் உண்டு. ஒரு கருவிக்குக் கிடைத்த முகவரி குறிப்பிட்ட காலம் செல்லும், பல ரவுட்டர்களில் அது 24 மணி நேரம். அந்தக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி, முகவரி தந்த அதே ரவுட்டரிடம்தான் புதுப்பிக்கும். அதனால் ஏற்கெனவே இணைந்திருப்பவை தொடர்ந்து ஓடும். அணைத்துப் போட்டவையும், வெளியே போய்த் திரும்பியவையும் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளும். சில கருவிகளில் மட்டும், சில நேரம் மட்டும் நெட் போகிறது என்றால் வேறெதையும் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். கீழ் ரவுட்டரின் வைஃபையில் இருக்கும் போன்கூட இதனால் பாதிக்கப்படும்.

சரியான முறையில் வரிசை முக்கியம். கீழிருந்து வரும் கேபிளை இப்போதே மாட்ட வேண்டாம். முதலில் ஒரு போனைக் கீழ் ரவுட்டரின் வைஃபையில் இணைத்து, அந்த இணைப்பின் விவரத்தில் கேட்வே முகவரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் 192.168.1.1 இருக்கும். ஜியோஃபைபர் என்றால் 192.168.29.1. சில ஹுவாவே மோடங்களில் 192.168.100.1. இப்போது மாடி ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்து, அதன் லான் போர்ட் ஒன்றில் லேப்டாப்பைக் கேபிளால் இணைத்து, பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியை பிரௌசரில் அடித்து உள்ளே போங்கள்.

லான் செட்டிங்கில் அதன் சொந்த முகவரியை மாற்ற வேண்டும். முதல் மூன்று எண்கள் கீழ் ரவுட்டருடையதேதான், கடைசி எண் மட்டும் வேறு. கீழே 192.168.1.1 என்றால் மாடிக்கு 192.168.1.2, கீழே 192.168.29.1 என்றால் 192.168.29.2. சப்நெட் மாஸ்க் 255.255.255.0. ஆனால் கீழ் ரவுட்டர் கருவிகளுக்கு 2 முதல் 254 வரை முகவரி வழங்குவதாக வைத்திருந்தால், இதே 2 ஒரு நாள் யாருடைய போனுக்காவது போய்விடும். அப்போது இரண்டும் தடுமாறும். கீழ் ரவுட்டரில் வழங்கும் எல்லையை 20-இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

முகவரியைச் சேமித்ததும் பக்கம் திறக்காமல் நின்றுவிடும். கெட்டுப்போனதாகப் பயப்பட வேண்டாம். லேப்டாப் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகி, புதிய முகவரியை அடித்து நுழையுங்கள். அதற்குப் பிறகே டி.எச்.சி.பி.யை அணைக்க வேண்டும். பலர் அதை முதலிலேயே அணைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை லேப்டாப்புக்கு முகவரி தர யாரும் இல்லாததால், 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை அது தானாகப் போட்டுக்கொள்ளும், செட்டிங்ஸ் பக்கம் திறக்காது. அப்படி ஆகிவிட்டால் ரவுட்டரை ரீசெட் செய்யத் தேவையில்லை. லேப்டாப்பின் ஈதர்நெட் செட்டிங்கில் கையாலேயே ஒரு முகவரி கொடுங்கள். ரவுட்டர் 192.168.1.2 என்றால் லேப்டாப்புக்கு 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0. பக்கம் திறக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் லேப்டாப்பைப் பழையபடி தானியங்கிக்கு மாற்றுங்கள்.

கடைசியாகக் கேபிள். கீழ் ரவுட்டரின் லான் போர்ட்டிலிருந்து மாடி ரவுட்டரின் லான் போர்ட்டுக்கு. தனி நிறத்தில் இருக்கும் வான் போர்ட், அதாவது இன்டர்நெட் என்று எழுதியிருக்கும் துளை, காலியாகவே இருக்கட்டும்.

புதிய ரவுட்டர்கள் பலவற்றில் அக்செஸ் பாயின்ட் மோடு என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன முகவரி, டி.எச்.சி.பி. மாற்றங்கள் தாமாக நடந்துவிடும். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் அந்த மோடில் மாடி ரவுட்டர் தன் முகவரியைக் கீழ் ரவுட்டரிடமிருந்து வாங்கிக்கொள்ளும், பழைய முகவரியில் திறக்காது. கீழ் ரவுட்டரின் பக்கத்தில், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் அதன் புதிய முகவரியைப் பார்த்து, அங்கேயே அதற்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது நல்லது.

வான் போர்ட்டில் மாட்டினால்

கேபிளை வான் போர்ட்டில் மாட்டினாலும் நெட் வரும். அதனால்தான் பலரும் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை. ஆனால் அப்போது வீடு இரண்டு தனி வலையமைப்புகளாகப் பிரிந்துவிடும். மாடியில் இருக்கும் போனுக்குக் கீழ் டிவி தானாகத் தென்படாது, அதனால் படம் அனுப்ப முடியாது. பிரிண்டர் பட்டியலில் வராது. ஆன்லைன் விளையாட்டுகள் சில, நேட் (NAT, வீட்டு முகவரிகளை வெளிமுகவரியாக மாற்றும் வேலை) கட்டுப்பாடு இருப்பதாகக் குறை சொல்லும்.

இப்படி மாட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் வரும். இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 ஆக இருந்தால், அந்த எண்ணைத் தேடி உள்ளே போவதா வெளியே போவதா என்று மாடி ரவுட்டருக்குத் தெரியாது, நெட்டே வராமல் போகலாம். சில புதிய ரவுட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தம் முகவரியை மாற்றிக்கொள்ளும், பழையவை செய்யாது. இணைப்பு வகையில் டைனமிக் ஐ.பி. என்றுதான் இருக்க வேண்டும். நிறுவனம் கொடுத்த பி.பி.பி.ஓ.இ. யூசர்நேம், பாஸ்வேர்டை இங்கே அடித்துப் பயனில்லை. அந்த லாகினைக் கீழ் மோடம் ஏற்கெனவே செய்துவிட்டது. மோடத்தை பிரிட்ஜ் மோடில், அதாவது தான் லாகின் செய்யாமல் லைனை அப்படியே கடத்தும்படி, வைத்திருந்தால் மட்டுமே அடுத்துள்ள ரவுட்டர் லாகின் செய்ய வேண்டும்.

மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், "அவர்களுக்குத் தனி ரவுட்டர் வைத்து வான் போர்ட்டில் மாட்டிவிட்டேன், இனி நம் கணினியை அவர்களால் பார்க்க முடியாது" என்று நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. பின்னால் இருக்கும் ரவுட்டர், தனக்குள் இருப்பவர்களை வெளியிலிருந்து மறைக்கும். அதன் கண்ணுக்கு உங்கள் வீட்டு வலையமைப்பும் வெளிதான். கீழிருந்து நீங்கள் மாடிக் கருவிகளை எட்ட முடியாது. மாடியிலிருந்து அவர்கள் உங்கள் சிசிடிவி ரெக்கார்டரின் ஐ.பி. முகவரியை அடித்தால் லாகின் பக்கம் திறக்கும். குடித்தனக்காரருக்குத் தனி இணைப்பு எடுப்பதே சரி. முடியாவிட்டால் கீழ் ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கைக் கொடுக்கலாம்.

இரட்டைக் கேபிள்

இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையே இரண்டு லான் கேபிள்கள் போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்ற எண்ணம் தவறு. அனைவருக்குமான செய்தி ஒன்று முதல் கேபிளில் ஏறி, இரண்டாவதில் இறங்கி, மறுபடி ஏறி, முடிவில்லாமல் சுற்றும். சில நொடிகளில் எல்லா லான் விளக்குகளும் ஒரே சீராக வேகமாகச் சிமிட்டும், கீழ் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கமே திறக்காது. தெரிந்தே யாரும் இதைச் செய்வது குறைவு. சுவர் சாக்கெட்டுகளுக்குப் பெயர் எழுதாத வீடுகளிலும், நடுவில் சிறிய ஸ்விட்ச் வைத்த வீடுகளிலும் தெரியாமல் நடக்கிறது. மாடி ரவுட்டரில் ரிப்பீட்டர் வசதியை (கீழ் வைஃபையை வாங்கி மறுபடி பரப்புவது) ஆன் செய்துவிட்டுக் கேபிளையும் மாட்டினால் இதே சுற்று வைஃபை வழியாக உருவாகும்.

வேகம் 94-ஐத் தாண்டவில்லையா?

300 எம்.பி.பி.எஸ். திட்டம். கீழே முழு வேகம் வருகிறது, மாடியில் சோதித்தால் எப்போதும் 93, 94, 95. இந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: வழியில் ஏதோ ஓர் இடம் 100 எம்.பி.பி.எஸ்.-இல் ஓடுகிறது. முதலில் ரவுட்டரைப் பாருங்கள். டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் போன்ற பழைய ரவுட்டர்களின் போர்ட்கள் 100 வரைதான். ஏசி1200 என்று அட்டையில் இருக்கும் ஆர்ச்சர் சி50-யிலும் அப்படியே. அட்டையில் இருக்கும் பெரிய எண் வைஃபைக்கானது, போர்ட்டுக்கானது அல்ல. ஆர்ச்சர் சி6-இல் ஜிகாபிட், அதாவது 1000 எம்.பி.பி.எஸ்., போர்ட்கள் உண்டு.

போர்ட் ஜிகாபிட் என்றால் குற்றவாளி கேபிள். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விண்டோஸில் ஈதர்நெட் விவரத்தில் லிங்க் ஸ்பீடு 1000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

கேபிள் நுனியில் கனெக்டர் அடிக்கும்போது நடக்கும் தவறு இதைவிட நுட்பமானது. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக அடுக்கி இரு முனையிலும் அப்படியே அடித்துவிடுவார்கள். எட்டு விளக்கு டெஸ்டரில் எல்லாம் வரிசையாக எரியும், கேபிள் நல்லது என்று தோன்றும். ஆனால் 3-ஆம் கம்பியும் 6-ஆம் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். இந்த அடுக்கில் அவை வெவ்வேறு ஜோடிகள். கேபிள் நீளமானால் பிழைகள் பெருகி, இணைப்பு விட்டு விட்டு வரும். சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வாங்கும்போது கேட்5இ (Cat5e) அல்லது கேட்6 (Cat6), முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவு, ஆனால் வளைக்கும் இடத்தில் எளிதில் முறியும். வெளிச்சுவரில் ஓடுவதற்கு வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளே வேண்டும்.

வைஃபை பெயர், அடாப்டர், ரீசெட்

இரண்டு ரவுட்டர்களுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை வைத்தால் மாடிப்படி ஏறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்: 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். மாடிக்கு வந்தும் போன் கீழ் ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருந்தால், கீழ் ரவுட்டரின் ஒலிபரப்பு வலிமையை ஒரு படி குறையுங்கள்.

அடாப்டர்களை மாற்றி மாட்டாதீர்கள். துளை ஒரே அளவாக இருக்கும், ஒன்று 9 வோல்ட், மற்றது 12 வோல்ட். 12 கேட்கும் பெட்டிக்கு 9 கொடுத்தால் விளக்கு எரிந்தும், வேலை கூடும்போது ரீஸ்டார்ட் ஆகும். 9 கேட்கும் பெட்டிக்கு 12 கொடுத்தால் எரிந்தே போகலாம்.

நெட் நின்றதும் கேபிளோடு இருக்கும் மாடி ரவுட்டரை ரீசெட் செய்துவிடுவது இன்னொரு வழக்கம். செய்த மாற்றமெல்லாம் அழிந்து டி.எச்.சி.பி. மறுபடி ஆன் ஆகும், மாடிச் சிக்கல் வீட்டுச் சிக்கலாகிவிடும். அதற்கு முன் லேப்டாப்பை மாடி ரவுட்டரின் லான் போர்ட்டில் மாட்டி, அதற்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் மேலே சொன்னபடி கையாலேயே முகவரி கொடுத்து (கேட்வே 192.168.1.1), கமாண்ட் பிராம்ப்ட்டில் வரிசையாக மூன்று பிங், அதாவது அந்த முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் ping கட்டளை. முதலில் மாடி ரவுட்டரின் முகவரி, 192.168.1.2. பதில் இல்லையென்றால் மாடிப் பெட்டியிலோ அதன் செட்டிங்கிலோ கோளாறு. அடுத்து கீழ் ரவுட்டருடையது, 192.168.1.1. இதற்கு மட்டும் பதில் இல்லையென்றால் நடுவில் உள்ள கேபிளைப் பாருங்கள். மூன்றாவது 8.8.8.8, இது வெளியே இன்டர்நெட்டில் உள்ள கூகுள் சர்வர். இதுவும் வந்து இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றும் சேவை) செட்டிங்கைப் பாருங்கள். மூன்றாவது மட்டும் வராவிட்டால், லேப்டாப்பின் கேட்வே 192.168.1.1 தானா என்று பார்த்துவிட்டு, அதுவும் சரியாக இருந்தால் சேவை நிறுவனத்துக்குப் போன் போடுங்கள்.

மாடி ரவுட்டரின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: அதன் ஐ.பி. முகவரி, டி.எச்.சி.பி. அணைத்திருக்கிறது, வான் போர்ட்டில் எதையும் மாட்ட வேண்டாம், ரீசெட் அழுத்த வேண்டாம்.