படகு மோட்டார் எவ்வளவு பெற்றோல் குடிக்கிறது? மலையக நீர்த்தேக்கங்களில் நீங்களே அளந்து பார்க்கும் முறை

பதினைந்து குதிரைவலு மோட்டார் ஒன்று மணிக்கு எத்தனை லீற்றர் எரிக்கும் என்று கேட்டால், விற்பவர் ஓர் எண்ணைச் சொல்வார், ஓட்டுபவர் அதைப்போல் இரண்டு மடங்கைச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கடல் மட்டத்தில், சுமை குறைந்த படகில் கிடைத்த அளவைச் சொல்கிறார். மற்றவர் நான்கு பேரையும் மீன் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு காசல்ரீ நீர்த்தேக்கத்தில் எதிர்காற்றுக்குள் போய் வந்ததைச் சொல்கிறார். 2022 இல் பெற்றோல் கியூஆர் பங்கீட்டுக்குள் வந்தபோது, கையிலிருக்கும் லீற்றருக்கு எவ்வளவு தூரம் போய்த் திரும்பலாம் என்பதைத் துல்லியமாக அறியவேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டது. அப்போது பழகிய முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மோட்டாரை இயக்கவும் கியர் போடவும் உங்களுக்குத் தெரியும் என்றும், அந்த நீர்த்தேக்கத்தில் மோட்டார் படகு ஓட்டுவதற்கான அனுமதி உங்களிடம் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தோராயக் கணக்கு

நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) பெற்றோல் மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது, ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.35 லீற்றர் எரிக்கும். ஆகவே 15 குதிரைவலுவுக்கு 5 லீற்றருக்குச் சற்று மேல், 25 குதிரைவலுவுக்கு 9 லீற்றருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். காற்றோடு பெற்றோலைக் கலக்கும் காபரேட்டர் உள்ள பழைய இரண்டு வீச்சு மோட்டார் அதே வேலைக்கு 0.45 முதல் 0.5 லீற்றர் வரை கேட்கும், ஏனெனில் உள்ளே போகும் பெற்றோலில் கணிசமான பங்கு எரியாமலே புகையோடு வெளியேறிவிடுகிறது. காசல்ரீயின் நீரும் மவுசாகலையின் நீரும் களனி கங்கையில் சேர்ந்து கொழும்பின் குடிநீராகப் போகின்றன என்பதை நினைக்கும்போது, இரண்டு வீச்சு மோட்டாரை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தக் கணக்கு முழு வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். மெதுவாகச் செல்லும் படகில் புரொப்பெல்லருக்குத் தேவைப்படும் வலு, சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறுகிறது; சுழற்சியைப் பத்து வீதம் குறைத்தாலே தேவையான வலு 27 வீதம் இறங்கிவிடும். கைப்பிடியைப் பாதி முறுக்கினால் பாதிச் செலவு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கும், ஒவ்வொரு வேகத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான்.

தேவையான பொருட்கள்

கையில் தூக்கிச் செல்லக்கூடிய 12 லீற்றர் தாங்கி, 10 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் மின்னணுத் தூக்குத் தராசு, தூரத்தையும் வேகத்தையும் பதிவு செய்யும் ஜிபிஎஸ் செயலி உள்ள கைபேசி, பிளக் வயரில் சுற்றிச் சுழற்சி வேகத்தைக் காட்டும் சிறிய மீற்றர் ஆகியவை போதும். எரிபொருள் ஓட்டத்தை நேரடியாகக் காட்டும் மீற்றர்களும் கிடைக்கின்றன, ஆனால் சிறிய மோட்டார் மெதுவாக ஓடும்போது பெற்றோல் சொட்டுச் சொட்டாகப் போவதால் அவற்றின் அளவை நான் நம்புவதில்லை. தாங்கியின் மூடியில் உள்ள முள்ளோ படகு ஆடும்போதெல்லாம் தானும் ஆடும். அதைப் பார்த்துக் கணக்கு எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல்.

தராசைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசை இரவல் கேட்க வேண்டாம். தேயிலை எந்த வாடையையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும், பெற்றோல் பட்ட கொக்கியில் கொழுந்தைத் தொங்கவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கணக்கப்பிள்ளையே உங்களுக்கு விளக்குவார். தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் பெற்றோலின் நிறையை அறிதல்

ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 0.74 கிலோ இருக்கும். வெப்பநிலைக்கும் பெற்றோலின் வகைக்கும் ஏற்ப இது சற்றுக் கூடிக் குறையும். வெறும் தாங்கியை நிறுத்து எழுதிக்கொண்டு, நிரப்பு நிலையத்தில் சரியாக 5 லீற்றர் அடித்து மீண்டும் நிறுங்கள். வித்தியாசத்தை ஐந்தால் வகுத்தால் உங்கள் எண் கிடைக்கும். இரண்டு வீச்சு மோட்டாருக்கு ஓயில் கலப்பவர்கள் கலந்த பின்னரே நிறுக்க வேண்டும். நிறுப்பதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடியோ அடுப்போ இருக்கக் கூடாது.

படி 2: குழாயை நிரப்பிய பின்னரே முதல் நிறை

அளவு பிழைப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் படியில்தான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாங்கியிலிருந்து மோட்டாருக்குப் போகும் இறப்பர் குழாயும், அதன் நடுவிலுள்ள கைப்பம்பும், மோட்டாருக்குள் இருக்கும் சிறு கிண்ணமும் வெறுமையாக இருக்கும் நிலையில் தாங்கியை நிறுத்துவிட்டுப் புறப்பட்டால், அவற்றை நிரப்பப் போன பெற்றோலும் எரிந்த கணக்கில் சேர்ந்துவிடும். உள்விட்டம் 8 மில்லிமீற்றரும் நீளம் இரண்டு மீற்றரும் உள்ள குழாய் தனியே 100 மில்லிலீற்றர் கொள்ளும். பம்பும் கிண்ணமும் அதற்கு மேல். பத்து லீற்றர் எரிக்கும் பயணத்தில் இது ஒரு பொருட்டல்ல. கால் மணி நேரம் மெதுவாக ஓடி 300 மில்லிலீற்றர் மட்டுமே எரிக்கும் சோதனையில், இதுவே பதிலை அரைவாசி வரை புரட்டிவிடும்.

ஆகவே குழாயைத் தாங்கியிலும் மோட்டாரிலும் பூட்டி, கைப்பம்பு கல்லுப்போல் இறுகும்வரை அழுத்துங்கள். மோட்டாரை இயக்கி ஐந்து நிமிடம் சூடேறவிட்டு நிறுத்துங்கள். மீண்டும் ஒருமுறை பம்பை இறுக அழுத்திய பிறகு, குழாயைத் தாங்கியின் பக்கத்தில் மட்டும் கழற்றுங்கள், மோட்டார்ப் பக்கத்தைத் தொட வேண்டாம். மூடியிலுள்ள காற்றுத் திருகை மூடி, தாங்கியின் வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். மஸ்கெலியாப் பக்கத்து மழையில் தாங்கியின் கைப்பிடிப் பள்ளத்திலும் அடிவிளிம்பிலும் தேங்கும் நீரே 50 கிராம் வரை வரும். பிறகு கரையில், அசையாத ஒரு மரக்கிளையிலோ உத்தரத்திலோ தராசைக் கட்டி நிறுங்கள். கையில் தூக்கிப் பிடித்து நிறுத்தால் எண் ஓடிக்கொண்டே இருக்கும், படகுக்குள் நிறுத்தால் சொல்லவே வேண்டாம்.

சோதனை முடிந்து திரும்பியதும் அதே வரிசையில், பம்பை இறுக்கி, கழற்றி, துடைத்து, மீண்டும் நிறுக்க வேண்டும். புறப்படும்போது குழாய் எவ்வளவு நிறைந்திருந்ததோ, திரும்பும்போதும் அவ்வளவு நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். புறப்படுமுன் காற்றுத் திருகைத் திறக்க மறந்தால், நடு நீரில் மோட்டார் இருமி நின்றுவிடும்.

படி 3: மூன்று வேகங்களில் ஓட்டம்

காற்று எழாத காலை வேளையைத் தெரிவு செய்யுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் மேற்குச் சரிவு நீர்த்தேக்கங்களில் அப்படிப்பட்ட காலை அரிதாகவே வாய்க்கும். ஒரே நேர்கோட்டில் போய் அதே கோட்டில் திரும்பினால், இருக்கும் சிறு காற்றின் விளைவு பெரும்பாலும் சமப்படும். படகில் வழக்கமாக ஏற்றும் ஆட்களும் பொருட்களும் இருக்கட்டும்.

எந்த மூன்று வேகங்கள் என்பது படகின் நீளத்தைப் பொறுத்தது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.48 ஆல் பெருக்குங்கள். 16 அடிப் படகுக்கு அது மணிக்கு 9.9 கிலோமீற்றர். அந்த எல்லைக்குக் கீழே படகு நீரை விலக்கிக்கொண்டு அமைதியாகப் போகும். அதைத் தாண்டும்போது, தானே எழுப்பிய அலையின் மீது ஏற முயன்று, முன்பகுதி வானத்தைப் பார்க்கப் பின்பகுதி அமிழ்ந்து திணறும். போதிய வலு இருந்தால் மட்டுமே அலையைக் கடந்து நீரின் மேல் சறுக்கத் தொடங்கும். ஆகவே மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் ஓர் ஓட்டம், 12 அல்லது 13 இல் ஓர் ஓட்டம், சறுக்கிச் செல்லும் வேகத்தில் ஓர் ஓட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மெதுவான ஓட்டத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நீட்டுங்கள். எரிவது குறைவாக இருப்பதால் நேரம் குறுகினால் தராசின் பிழை பெரிதாகிவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சுழற்சி வேகத்தைக் குறித்துவைத்தால், பின்னாளில் கைபேசி இல்லாமலே அதே வேகத்தைப் பிடிக்கலாம்.

படி 4: கணக்கு

புறப்படும்போது 11.60 கிலோ, திரும்பியபோது 10.12 கிலோ என்று வைப்போம். வித்தியாசம் 1.48 கிலோ, 0.74 ஆல் வகுத்தால் 2 லீற்றர். ஓடியது அரை மணி நேரம், தூரம் 6 கிலோமீற்றர் எனில், மணிக்கு 4 லீற்றர், கிலோமீற்றருக்கு 0.33 லீற்றர்.

இரண்டு எண்களையும் எழுதுங்கள். மீன்பிடிக்கு மணிக்கணக்கு உதவும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போவதற்குக் கிலோமீற்றர்க் கணக்குத்தான் உதவும். இவை இரண்டும் பெரும்பாலும் எதிர்த் திசையில் பேசும். சறுக்கிச் செல்லும் வேகம் மணிக்கணக்கில் பயமுறுத்தினாலும், மணிக்கு 5 லீற்றர் எரித்து 22 கிலோமீற்றர் போகும் படகு, கிலோமீற்றருக்கு 0.23 லீற்றர்தான் செலவழிக்கிறது. நடுவிலுள்ள அந்தத் திணறும் வேகமே எல்லாவற்றிலும் நட்டமானது. பார்ப்பதற்கு நிதானமாகப் போவதுபோல் இருப்பதால், சிக்கனம் என்று நம்பிப் பலரும் அதிலேயே போகிறார்கள்.

உயரம் செய்யும் வேலை

ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் மோட்டார் ஏறத்தாழ மூன்று வீத வலுவை இழக்கிறது, காற்று அந்த அளவுக்கு மெலிவதே காரணம். 438 மீற்றரில் உள்ள விக்டோரியாவில் இது நான்கு வீதமளவு. 703 மீற்றரில் உள்ள கொத்மலையில் ஏழு. ஏறத்தாழ 1,100 மீற்றரில் உள்ள காசல்ரீயில் பதினொன்று. 1,870 மீற்றரை எட்டும் நுவரெலியா கிரகரி வாவியில் பதினெட்டு. வாவியில் ஓடும் 15 குதிரைவலு மோட்டார் உண்மையில் 12 சொச்சம்தான்.

மெதுவாகப் போகும்போது இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. சிக்கல் சறுக்கும் வேகத்தில்தான் வருகிறது. கீழே நீர்கொழும்பில் நான்கு பேரோடு அலையைத் தாண்டி எழும்பிய அதே படகு, மேலே தாண்ட முடியாமல் திணறும் வேகத்திலேயே தங்கிவிடும். ஓட்டுபவர் கைப்பிடியை முழுவதும் முறுக்கியபடி 12 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருப்பார். ஒருவரை முன்பகுதிக்கு நகர்த்திப் பாருங்கள். அதிலும் எழும்பவில்லை என்றால், வேகத்தைக் குறைத்து 9 கிலோமீற்றருக்குக் கீழே வந்துவிடுவதே பணத்துக்கு நல்லது. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், ஓர் அங்குலம் குறைந்த புரொப்பெல்லர் போடுங்கள். ஓர் அங்குலத்துக்கு நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை சுழற்சி கூடும். முழு முறுக்கில் சுழற்சி வேகம் மோட்டாரின் கையேடு கூறும் எல்லைக்குள், பல மோட்டார்களில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 வரை, வரவேண்டும்.

காபரேட்டர் மோட்டாரில் இன்னொரு செலவும் உண்டு. காற்று மெலிந்தாலும் ஜெட் எனப்படும் சிறு துளைத் திருகின் வழியே வரும் பெற்றோல் அதே விகிதத்தில் குறையாததால், கலவையில் பெற்றோல் மிகுந்துவிடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பிஸ்கட் நிறத்தில் இருக்கவேண்டிய முனை கரிபிடித்துக் கறுத்திருந்தால், சிறிய ஜெட் போட வேண்டும். சுசூகி டி.எஃப்.20ஏ போன்ற, பாட்டரி இல்லாமலே இயங்கும் எரிபொருள் உட்செலுத்து மோட்டார்கள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்ளும். இழந்த வலுவை மட்டும் அவையும் மீட்டுத் தரா. மலையில் ஓட்டுவதற்குப் புதிதாக வாங்குபவர்கள் இந்த வகையை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

ஒரு நாள் மீன்பிடிக்கு எவ்வளவு கொண்டு போவது

உங்கள் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து நேரத்தால் பெருக்குங்கள். போக வர ஒரு மணி நேரம் சறுக்கும் வேகத்தில், 5 லீற்றர். தூண்டிலை இழுத்துக்கொண்டு மெல்லச் செல்வது இரண்டு மணி நேரம், மணிக்கு 1.2 லீற்றர் என்றால் 2.4 லீற்றர். மோட்டாரைச் சும்மா ஓடவிடுவது அரை மணி நேரம், 0.3 லீற்றர். திலாப்பியாவுக்குக் காத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிட்டு மிதக்கும் மூன்று மணி நேரத்துக்குச் செலவில்லை. மொத்தம் 7.7 லீற்றர்.

போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்ற பழைய வழக்கப்படி, 7.7 என்பது மூன்றில் இரண்டு பங்காக இருக்க வேண்டும், அப்படியானால் 11.55 லீற்றர் தேவை. 12 லீற்றர் தாங்கி போதும் என்று தோன்றும். ஆனால் பெற்றோல் வெயிலில் விரியும் என்பதால் தாங்கியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. நான் இதற்கு 24 லீற்றர் தாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்பி எடுத்துச் செல்வேன்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்து அளந்து பார்த்த ஒருவர், சில மாதங்களில் தமது படகின் செலவு காரணமின்றி ஏறிவிட்டது என்று கேட்டிருந்தார். முதலில் புரொப்பெல்லர் இதழ்களைத் தடவிப் பாருங்கள். மவுசாகலையில் நீர் வற்றும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கட்டடங்களே தலைகாட்டுகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கும் வாரங்களில் இதழ் அடிபடுவது சாதாரணம். விளிம்பு நெளிந்தால் வேகம் குறையும், செலவு ஏறும். இதழ் நன்றாக இருந்தால் படகின் அடிப்பகுதியில் பாசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள், அதன் பிறகு புரொப்பெல்லர் தண்டில் நைலோன் நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிறிய ஜெட் போட்ட மோட்டாரைத் திருகோணமலைக்கு எடுத்துச் செல்லலாமா என்று வேறொருவர் கேட்டார். பழைய ஜெட்டைத் திரும்பப் பூட்டாமல் எடுத்துச் செல்லக் கூடாது. கடல் மட்டத்துக் காற்றுக்கு அந்தச் சிறிய ஜெட் போதிய பெற்றோல் தராது. கலவை மெலிந்து பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறும், இரண்டு வீச்சு மோட்டாரில் உராய்வுக்கான ஓயிலும் பெற்றோலோடு சேர்ந்தே வருவதால் பிஸ்டன் இறுகிவிடும். கழற்றிய ஜெட்டை ஒரு சிறு பையிலிட்டு, எந்த உயரத்துக்கு உரியது என்று எழுதி, மோட்டாரின் கருவிப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.