சில்லுக் கழற்றிய டாங்கி: முதல்முறை டயோராமா செய்பவர்களுக்கு

மேசையில் டாங்கிப் பெட்டியைக் கண்டதும் அம்மா ஒன்றுதான் கேட்டார். "யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு விளையாட உனக்கு வேற சாமான் கிடைக்கேல்லையோ?" நியாயமான கேள்வி. இது பழுதாகி நிற்கிற டாங்கி, சில்லைக் கழற்றித்தான் வைக்கப்போகிறேன் என்றேன். "அப்ப சரி, ஓடாதுதானே" என்று குசினிக்குள் போய்விட்டார்.

எனக்கும் ஓடாத டாங்கிதான் விருப்பம். டயோராமா என்பது ஒரு காட்சியைச் சின்ன அளவில் பலகையில் அமைத்து வைப்பது. சண்டைக்காட்சி என்றால் பத்துப் பன்னிரண்டு உருவம், புகை, இடிந்த வீடு என்று வேலை பெருகிக்கொண்டே போகும். திருத்தவேலைக் காட்சிக்கு ஒரு வாகனம், ஒரு துண்டு நிலம், கொஞ்சம் ஊத்தை போதும்.

நான் எடுத்தது இரண்டாம் உலகப்போரின் அமெரிக்க டாங்கியான ஷெர்மனில் எம்4ஏ4 வகை. 1945 பெப்ரவரி, மார்ச்சில் 255ஆவது இந்திய டாங்கிப் படையணி ஷெர்மன்களோடு பர்மாவின் மெய்க்டிலாவுக்குப் போனது. அந்த வறண்ட வெளியிலும் பனை நிற்கும், மாசி பங்குனியில் புழுதி பறக்கும். ஆகவே மண்ணுக்கும் தும்புக்கும் வளவைத் தாண்டத் தேவையில்லை.

1. சாமான்கள்

1/35 அளவில், அதாவது உண்மையின் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, துண்டுகளை ஒட்டிச் செய்யும் ஒரு பிளாஸ்ரிக் கிட். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரின் பெட்டியில் சொக்லேட்டுக்குப் பக்கத்தில் இடம் கேட்கலாம். ஆனால் பிளாஸ்ரிக் பசையையும் ஸ்பிரேயையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். எரியும் பொருள், விமானத்தில் விடமாட்டார்கள். மற்றபடி நகவெட்டி, பிளேட், 400, 800 நம்பர் அரத்தாள், இரண்டு மூன்று தூரிகை, அக்ரிலிக் பெயின்ற், கறுப்பும் மண்ணிறமுமாக இரண்டு ஒயில் பெயின்ற் ரியூப், ரேப்பன்ரைன், 6பி பென்சில், மரவேலைக்காரர் பாவிக்கும் வெள்ளைப் பசை.

கணக்கு ஒன்றை மனதில் வைத்திருங்கள்: உண்மையில் ஒரு மீற்றர் என்றால் மேசையில் 28.6 மில்லிமீற்றர். ஆள் ஒருவர் 5 சென்ரிமீற்றர், ஆறு மீற்றர் ஷெர்மன் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர்.

2. பசையைத் தொடமுன் கராஜுக்குப் போங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம். யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் திருத்துகிற கராஜ் எங்காவது ஒன்று உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும். ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரம் ஓரமாக நின்று பாருங்கள்.

நான் பார்த்த இடத்தில் ஒரு ஒஸ்ரின் ஏ40 முன்சில்லு இல்லாமல் மரக்குத்தியில் நின்றது. கழற்றிய நட்டுகளை மெக்கானிக் அண்ணை பால்மா ரின் மூடியில் போட்டு வைத்திருந்தார். சில்லை நிமிர்த்தி வைக்கவில்லை. படுக்கப் போட்டு அதற்குமேல் துணி, துணிக்குமேல் நட்டுக் கழற்றும் சாவி. நிலத்தில் எண்ணெய் இரண்டு விதமாகக் கிடந்தது. அன்றைக்குச் சிந்தியது கறுப்பாக மினுங்கியது. போன மாதம் சிந்தியதில் புழுதி ஏறி மினுக்கம் செத்துப்போயிருந்தது. கதவில் கை படும் இடத்தில் மட்டும் கிரீஸ். அதற்கு ஒரு சாண் தள்ளி வெறும் தூசி.

ஆரம்பக்காரர் எல்லோரும் விடும் பிழை, வாகனம் முழுக்க ஒரே அளவாக ஊத்தை பூசுவது. எங்கே கை படும், எங்கே கால் படும் என்று பார்த்துவிட்டால் அந்தப் பிழை வராது.

3. எதைக் கழற்றுவது

எஞ்சினைத் திறந்து காட்ட ஆசை வரும். எம்4ஏ4 எஞ்சின் என்பது ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகப் பூட்டியது, மொத்தம் 30 சிலிண்டர். அதற்காகவே டாங்கியின் உடம்பையும் நீட்டினார்கள். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். மூடியை ஒட்டிவிட்டுச் சில்லுப் பக்கம் வாருங்கள்.

ஷெர்மனில் பக்கத்துக்கு ஆறு சில்லு, இரண்டிரண்டாக மூன்று தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் உடம்பின் வெளிப்பக்கத்தில் போல்ற் போட்டுப் பூட்டியது. சில்லில் ரப்பர் ஒட்டியிருக்கும். ரப்பர் கிழிந்த ஒரு சில்லை மாற்றுவதுதான் நம் காட்சி. நடுத்தொகுதியில் ஒரு சில்லை ஒட்டாமல் விடுங்கள். அதைப் பிடிக்கும் இரண்டு கைகளிலும் அச்சு போகும் துளை தெரியவேண்டும். கிட்டில் துளை அடைத்திருந்தால் 1 மில்லிமீற்றர் துளையிடுகருவியைக் கையால் சுற்றித் திறக்கலாம்.

கழற்றிய சில்லின் ரப்பரில் பிளேட்டால் சின்னதாக இரண்டு கொத்து. அதிகம் வேண்டாம்.

4. ஒட்டுதல்

பிளாஸ்ரிக் பசை ஒட்டுவதில்லை, பிளாஸ்ரிக்கை உருக்கி ஒன்றாக்குகிறது. ஆகவே ஒரு துளி போதும். துண்டுகளை அவை பொருந்தி வரும் பிளாஸ்ரிக் சட்டத்திலிருந்து முறிக்காதீர்கள், கொஞ்சம் தள்ளி வெட்டிவிட்டு மிச்சத்தை அரத்தாளால் தேயுங்கள்.

5. சங்கிலி

சில்லுகளைச் சுற்றி ஓடும் சங்கிலியில், எம்4ஏ4இல் பக்கத்துக்கு 83 கண்ணி. ஒவ்வொன்றும் 6 அங்குலம், அதாவது விரித்துப் போட்டால் 12.6 மீற்றர், நம் அளவில் 36 சென்ரிமீற்றர். இந்தக் கணக்கைப் பார்க்காமல் நான் முதலில் 30 சென்ரிமீற்றர் பலகை வெட்டி வீணாக்கினேன். 40க்கு 25 வெட்டுங்கள்.

கழற்றாத பக்கத்துக்குக் கிட்டில் வரும் ரப்பர் சங்கிலி போதும். கழற்றிய பக்கத்துக்குத் தனித்தனிக் கண்ணியாக வரும் பிளாஸ்ரிக் சங்கிலி வேண்டும். ரப்பர் நிலத்தில் படியாது, பாம்பு மாதிரி வளைந்து எழும்பும். சங்கிலி சில்லுகளுக்குக் கீழே நேராகக் கிடந்து, மிச்சம் பின்னால் நீண்டு கிடக்கட்டும். கண்ணிகளை இணைக்கும் சின்னக் கொளுக்கிகள் நாலைந்தைச் சாக்குத்துணி மாதிரி ஒன்றில் போட்டு வையுங்கள். துணிக்கு, வெள்ளைப் பசையில் நனைத்த ரிஷ்யூ.

6. பெயின்ற்

மாரியில் ஸ்பிரே அடிக்கவேண்டாம்; ஈரக்காற்றில் பெயின்ற் வெண்பூத்துப்போகும். சித்திரை மத்தியான வெயிலிலும் வேண்டாம், டாங்கியில் படமுன்னமே காய்ந்து அரத்தாள் மாதிரி சொரசொரக்கும். காலை எட்டு மணி நல்ல நேரம்.

முதல் பிரைமர் (பெயின்ற் பிடிக்க அடியில் போடும் பூச்சு), அப்புறம் கரும்பச்சை. ஒரு நாள் காயவிட்டு, கறுப்பு ஒயில் பெயின்றை ரேப்பன்ரைனில் பிளேன்ரீ பதத்துக்குக் கரைத்து இடுக்குகளில் மட்டும் விடுங்கள். அது காய்ந்தபின் கொஞ்சம் வெளிறிய பச்சையைத் தூரிகையில் தொட்டு, பேப்பரில் துடைத்து, விளிம்புகளில் இலேசாகத் தட்டுங்கள்.

சங்கிலிக்கும் சில்லைப் பிடிக்கும் கைகளுக்கும் 6பி பென்சில். கரியை விரல் நுனியில் எடுத்துத் தேய்த்தால் இரும்பு தேய்ந்த மினுக்கம் அப்படியே வரும். காசு கொடுத்து வாங்கிய எந்த வெள்ளிப் பெயின்றும் எனக்கு இதற்குக் கிட்ட வரவில்லை.

7. நிலம்

பலகையில் ரிஜிபோம் ஒட்டி மேடு பள்ளம் செதுக்குங்கள். அதன்மேல் பிளாஸ்ரிக் பசையோ ஸ்பிரேயோ படக்கூடாது. என்னுடைய முதல் மேடு கண்ணுக்கு முன்னால் கரைந்து குழியானது.

மண், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண். அப்படியே கொட்டினால் காட்சி கெடும்: ஒரு மில்லிமீற்றர் மணல் இங்கே மூன்றரைச் சென்ரிமீற்றர் கல். தேத்தண்ணி வடியில் ஒருமுறை, பழைய வேட்டித்துணியில் இன்னொருமுறை அரியுங்கள். பிறகு தாச்சியில் வறுக்கவேண்டும். வறுக்காமல் ஒட்டிய என் மண்ணில் கார்த்திகை மழையோடு வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. வெள்ளைப் பசையில் சரிபாதி தண்ணீர் கலந்து பூசி, மண்ணைத் தூவுங்கள். பசை பட்டால் நிறம் கறுக்கும். காய்ந்தபின் வறுத்த புழுதியை மேலால் ஊதிவிட்டால் சரியாகிவிடும்.

புல்லுக்குப் பழைய தும்புத்தடியில் நாலு இழை. தடி, கம்பு எல்லாம் ஈர்க்கு. முழுப் பனை வைக்க ஆசைப்படாதீர்கள், 15 மீற்றர் மரம் இங்கே 43 சென்ரிமீற்றர் உயரம், டாங்கி அதற்குக்கீழே தெள்ளுப்பூச்சி மாதிரித் தெரியும். அறுத்த பனங்குற்றி ஒன்று போதும். 11 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு காய்ந்த தடியை வெட்டி, சில்லு இல்லாத தொகுதிக்கு அண்டையாகக் கொடுங்கள்.

8. ஆட்கள்

முகம் கீறுவது கடினம். ஆகவே என் ஆட்கள் தேத்தண்ணிக்குப் போய்விட்டார்கள். சங்கிலிக்குப் பக்கத்தில் படுக்கப் போட்ட சில்லு, அதன்மேல் ஒரு சாவி, டாங்கியின் மூக்கில் ரிஷ்யூவால் செய்த ஒரு சேட். எண்ணெய்க் கறையை இரண்டு நிறத்தில் போடுங்கள், புதியதில் மட்டும் ஒரு துளி மினுக்கு வார்னிஷ்.

9. மூடி

கண்ணாடி வெட்டுகிற கடையில் 42க்கு 27க்கு 15 சென்ரிமீற்றர் பெட்டி ஒன்று கட்டச் சொல்லுங்கள். தூசிக்காக அல்ல, தூசி விழுந்தால் இன்னும் வடிவுதான். பல்லிக்காக. அதன் எச்சத்தை மட்டும் திருத்தவேலையின் அடையாளம் என்று சொல்லித் தப்ப முடியவில்லை, அம்மா கண்டுபிடித்துவிட்டார்.