ஃப்ரீபிஎஸ்டியில் 4கே திரை: எனக்கு வேலை செய்த வழி

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய இன்டெல் மினி கணினியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் போட்டேன். 4கே மானிட்டரில் 1024×768 மட்டுமே வந்தது. கேபிளை மாற்றியும், திரையில் வரைகலையைக் காட்டும் எக்ஸார்க்கில் மோட்லைன் (திரை அளவைச் சொல்லும் அமைப்பு வரி) எழுதியும் பலனில்லை. கணினி தொடங்கும்போது இயங்கும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் அமைத்துத் தந்த ஃப்ரேம்பஃபரின் (திரைப் படத்துக்கான நினைவகப் பகுதி) அளவை எக்ஸார்க்கால் மாற்ற முடியாது.

அதனால் கிராஃபிக்ஸ் டிரைவர்களைத் தரும் டிஆர்எம்-கேமாட் பேக்கேஜை நிறுவினேன். பிறகும் அதிலுள்ள இன்டெல் டிரைவரான ஐ915கேஎம்எஸ் ஏறவில்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) கட்டளையில் 'வெர்ஷன் மிஸ்மேட்ச்' (பதிப்பு பொருந்தவில்லை) என்று ஒரே ஒரு வரி. அதைத்தான் எளிதில் தவறவிடுவோம். பேக்கேஜ் முந்தைய பாயிண்ட் ரிலீஸுக்குக் (சிறு பதிப்பு) கட்டப்பட்டது, இயங்குதளத்தின் மையமான கெர்னலோ புதியது. கெர்னலுக்குப் பொருந்தும் மூலநிரலை இறக்கி, ஃப்ரீபிஎஸ்டியின் மூலநிரல் தொகுப்பான போர்ட்ஸிலிருந்து டிரைவரைக் கம்பைல் செய்தேன். அப்புறம் ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் உள்ள கேஎல்டி லிஸ்ட்டில் (ஏற்ற வேண்டிய கெர்னல் மாட்யூல்களின் பட்டியல்) ஐ915கேஎம்எஸ்ஸைச் சேர்த்தேன். கெர்னல் தொடங்கும் முன்பே படிக்கப்படும் லோடர்.கான்ஃபில் போடக் கூடாது, இது முக்கியம். பயனரை வீடியோ குழுவிலும் சேர்த்து ரீபூட் செய்ததும் 3840×2160 வந்தது. அப்பாடா!