பள்ளிக் கட்டடப் பாதுகாப்பு: முதலில் அறைகளுக்கு எண் போடுங்கள்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் நாள், ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் நோட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட் பூச்சு விழுந்தது. அவள் அப்போது தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் பீமின் அடியில் கம்பி தெரிகிறது, அதை ஒட்டிச் செம்மண் நிறத்தில் இரண்டு கோடு. அந்த வாரமே கட்டடம் தொடர்பான எல்லா வேலையையும் நான் எடுத்துக்கொண்டேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியை. இன்ஜினியர் இல்லை. இன்ஜினியரைச் சரியான அறைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல்கூடத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஒன்று சமையல்கூடம், இன்னொன்று கழிப்பறை. நாம் வகுப்பறையைத்தான் அண்ணாந்து அண்ணாந்து பார்க்கிறோம். கும்பகோணத்துக்குப் பிறகு நடந்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், தடையில்லாத நுழைவு, ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கின்றன. கடிதம் எழுதும்போது இந்த வரிகளைச் சும்மா ஒரு பத்தியில் சேர்த்துவிடுங்கள், உதவும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று, 5 மீட்டர் ஸ்டீல் டேப், மில்லிமீட்டர் தெளிவாகத் தெரியும் ஒரு ஸ்கேல், டார்ச், நீளமான மூங்கில் கம்பு, கொஞ்சம் பெயிண்ட், ஒரு 10 ரூபாய் நாணயம். லேசர் அளவுகோல் எல்லாம் வேண்டாம். மொபைல் ஆப்பில் பதியலாமே என்று எங்கள் இளம் ஆசிரியர்கள் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. போட்டோ போனில் எடுக்கலாம், ஆனால் பதிவு நோட்டில்தான் இருக்க வேண்டும். ஆசிரியருக்கு மாறுதல் வந்தால் போனும் கூடவே போய்விடும், நோட்டு பள்ளியிலேயே இருக்கும். இதற்குப் பழுதுப் பதிவேடு என்று பெயர் எழுதி, தலைமையாசிரியர் அறையில், வருகைப் பதிவேடு இருக்கும் அதே அலமாரியில் வையுங்கள்.

எண் போடுவது

என்னை எட்டு மாதம் இழுத்தடித்த இடம் இது.

முதல் கடிதத்தில் நான் "தெற்குக் கட்டடத்தில் ஐந்தாம் வகுப்பு அறையின் பீம் சேதமடைந்துள்ளது" என்று எழுதினேன். எனக்கு அது தெளிவாகத்தான் இருந்தது. எங்கள் வளாகத்தில் தெற்கே இரண்டு கட்டடம். ஒன்று பழைய கான்கிரீட் கட்டடம், இன்னொன்று சுனாமிக்குப் பிறகு கட்டியது. இன்ஜினியர் பார்வையிட வந்த நாளில் நான் பயிற்சிக்குப் போயிருந்தேன், தலைமையாசிரியரும் கூட்டத்தில் இருந்தார். போதாததற்கு, ஜூனில் அந்த அறையில் இருந்த ஐந்தாம் வகுப்பு அக்டோபரில் புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. வந்தவர் ஐந்தாம் வகுப்பு எங்கே என்று கேட்டிருக்கிறார், பிள்ளைகள் புதுக் கட்டடத்தைக் காட்டியிருக்கிறார்கள். "கட்டடம் நல்ல நிலையில் உள்ளது" என்று அறிக்கை வந்துவிட்டது. அறிக்கையில் தவறில்லை, அவர் பார்த்த கட்டடம் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் அதை மாற்ற மறுபடி கடிதம், மறுபடி தேதி, மறுபடி காத்திருப்பு. அந்த எட்டு மாதமும் அந்த பீமின் கீழே பிள்ளைகளை உட்கார வைக்காமல், மாமரத்தடியிலும் வராந்தாவிலும் மாற்றி மாற்றி வகுப்பு எடுத்தோம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு முழுத்தாளில் வளாகத்தைக் கையாலேயே வரையுங்கள். வடக்கு எது என்று அம்பு போடுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அ, ஆ, இ என்று எழுத்து, ஒவ்வொரு அறைக்கும் எண். ஆ-3 என்றால் ஆ கட்டடத்தில் மூன்றாவது அறை. அங்கே எந்த வகுப்பு நடந்தாலும் அது ஆ-3தான். கழிப்பறைக்கும், சமையல்கூடத்துக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும், சுற்றுச்சுவரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு. பூட்டியே கிடக்கிற அறையை விட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியம். பிறகு அதே எண்ணைக் கதவு நிலைக்கு மேலே பெயிண்டில் எழுதுங்கள். கட்டிய வருடம் தெரிந்தால் வரைபடத்தில் குறியுங்கள். தெரியாவிட்டால் கல்வெட்டைப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் ஊரில் வயதான ஒரு கொத்தனாரைக் கேளுங்கள், எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

இரண்டாவது கடிதத்தில் "ஆ-3, மேற்கிலிருந்து இரண்டாவது பீம்" என்று எழுதி வரைபடத்தையும் இணைத்தேன். வந்தவர் யாரையும் கேட்காமல் நேராக அங்கே போய் நின்றார்.

சுற்றிப் பார்ப்பது

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ஆகவே வருடத்துக்கு இரண்டு சுற்று: மே கடைசியில் ஒன்று, காலாண்டு விடுமுறையில் ஒன்று. வேறு மாவட்டத்தில் எழுதிய பட்டியலில் ஒரு சுற்றுதான் இருக்கும், அதை அப்படியே எடுக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு பெற்றோரைக் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஒரு அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர், நான் பார்க்காத விரிசலை எல்லாம் அவர்தான் காட்டினார்.

வெளியிலிருந்து தொடங்குங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, சுவரின் அடியில் தேங்குகிறதா, மழைநீர்க் குழாயை இலை அடைத்திருக்கிறதா, மொட்டைமாடியில் ஆலோ அரசோ முளைத்திருக்கிறதா. அப்புறம் மேலே.

கான்கிரீட்: கடலோரத்தில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். அதனால் பீமின் நீளத்துக்கே ஓடும் விரிசலும் அதன் ஓரத்தில் பழுப்புக் கறையும் சேர்ந்து தெரிந்தால் அதை முதல் வரிசையில் எழுதுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், நேர் கீழே நிற்காமல் தள்ளி நின்று, மூங்கில் கம்பால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ணங்கென்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று, காலிப் பானையைத் தட்டியது போல. ஒரு தடவை கேட்டால் காது மறக்காது. சன்ஷேடையும் கைப்பிடிச் சுவரையும் இதே மாதிரி பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். இன்ஜினியர் வருமுன் பூசி வெள்ளையடித்துவிடாதீர்கள். ஊர்க்காரர் யாராவது நல்ல மனதோடு சிமெண்ட் மூட்டை இறக்கித் தருவார்கள், ஆண்டு விழாவுக்கு முன் பூசிவிடலாம் என்பார்கள். பூச்சுக்கு அடியில் துரு நடந்துகொண்டேதான் இருக்கும், பார்க்க மட்டும் நன்றாக இருக்கும், அடுத்த முறை விழும்போது இன்னும் பெரிய துண்டாக விழும்.

சுவர் விரிசல்: பூச்சில் மயிரிழையாக ஓடுவது பெரும்பாலும் பூச்சோடு சரி. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு போல இறங்குவது அஸ்திவாரம் அசைந்ததன் அடையாளமாக இருக்கலாம். விரிசல் நின்றுவிட்டதா வளர்கிறதா என்று தெரிய, அதன் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மெல்லிசாகப் பூசித் தேதி எழுதிவிடுங்கள். சுவர் அசைந்தால் பட்டை பிளக்கும். பென்சிலில் முனையைக் குறித்து வைக்கச் சொல்வார்கள், எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அதை அழித்து, பக்கத்தில் வேறு கோடும் போட்டுவிட்டார்கள். போட்டோ எடுக்கும்போது விரிசலுக்குப் பக்கத்தில் 10 ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், பார்ப்பவருக்கு அளவு தெரியும்.

எங்கள் கழிப்பறைச் சுவரில் ஜூலை 4 அன்று பூசிய பட்டை 19 அன்று பிளந்திருந்தது. பதினைந்து நாள். அந்த போட்டோ இரண்டையும் பக்கம் பக்கமாக ஒட்டி அனுப்பிய கடிதத்துக்குத்தான் எங்களுக்கு மிக வேகமாகப் பதில் வந்தது.

ஓட்டுக் கூரை: மேற்கே உள்ள பழைய பள்ளிகளில் இன்னும் நிறைய இருக்கிறது. ஓடு உடைந்ததைவிட மரம் முக்கியம். உத்திரம் சுவரில் உட்காரும் இடத்தில் ஈரமும் கரையானும் சேரும், அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் மரம் போய்விட்டது. 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது மரங்களும் கம்பங்களும் சாய்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கூரை மேல் சாயும் கிளைகளையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

மின்சாரமும் தீயும்

ஈரச் சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டை உடனே துண்டியுங்கள், இதற்கு யாருடைய உத்தரவும் வரக் காத்திருக்க வேண்டாம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், இணைப்பு உடனே துண்டாக வேண்டும். துண்டாகாவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

தீயணைப்பான்: வகுப்பறைக்கு ஏ.பி.சி. பவுடர் போதும். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து அசையுங்கள், பவுடர் கட்டி தட்டாது. கார்பன் டை ஆக்சைடு வகையில் முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். முள்ளைக் காணோமே, ரிப்பேர் என்று நானே ஒன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாட்டும் இடம் வாசல் பக்கம், பீரோவுக்குப் பின்னால் அல்ல.

கடிதம்

ஒரு கடிதத்தில் ஒரு பழுது. பத்துப் பழுதை ஒரே கடிதத்தில் எழுதினால் பெயிண்ட் அடிக்கும் வேலை முதலில் நடக்கும், பீம் கடைசிக்குப் போகும். பழுதின் எண், முதலில் பார்த்த தேதி, அளவு, போட்டோ, வரைபடம், மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகல். தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலருக்கு, நகல் கட்டடத்தைப் பராமரிக்கும் பிரிவின் பொறியாளருக்கு. உங்கள் கட்டடத்தை யார் பராமரிக்கிறார்கள் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள், ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடத்துக்கு இரண்டு துறை இருக்கலாம். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள், அந்தச் சீட்டைப் பதிவேட்டில் அதே பக்கத்தில் ஒட்டுங்கள்.

பதில் வரும்வரை அறையைப் பூட்டுங்கள். கயிறு கட்டினால் போதாது, பந்து உள்ளே போனால் பிள்ளைகள் கயிற்றுக்கு அடியில் நுழைவார்கள். ஆபத்தான சுவர் என்றால் அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி வேலி போடுங்கள், விழும்போது தன் உயரத்தின் நீளத்துக்கு விழும், துண்டுகள் அதையும் தாண்டிச் சிதறலாம்.

சேர்க்கை 1: உதவி பெறும் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர், கட்டடத்துக்காகப் பள்ளி வாங்கி வைக்க வேண்டிய நான்கு சான்றுகளைப் பற்றிக் கேட்டிருந்தார். கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. உறுதிச் சான்றை முதலில் எடுங்கள், உரிமத்துக்கு அது வேண்டும். நான்கிலும் முடிவு தேதி வேறு வேறாக இருக்கும், நான்கு தேதியையும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம் முன்னால் ஒரு நினைவூட்டும் தேதி போடுங்கள். முன்னாள் மாணவர்கள் பிறகு கட்டிக்கொடுத்த அறை வரைபடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சேர்க்கை 2: சாய்தளம் போட்டோம், சக்கர நாற்காலி ஏறவில்லை என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். உயரம் 1 என்றால் நீளம் 12 வேண்டும். வாசல் 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர். இடம் இல்லையென்றால் நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டுங்கள், செங்குத்தாக்காதீர்கள்.

சேர்க்கை 3: தென்னையைப் பற்றி எழுதவே இல்லையே என்று இரண்டு பேர் கேட்டார்கள், நியாயம்தான். வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே போகும் பாதையில் தென்னை நின்றால் அதற்கும் எண் போடுங்கள். காய் முற்றும்வரை காத்திருக்காமல் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஏறிக் குலையும் காய்ந்த மட்டையும் இறக்க ஆள் சொல்லி வையுங்கள், ஏறிய தேதியையும் பதிவேட்டிலேயே எழுதுங்கள். எங்கள் வளாகத்தில் நான்கு மரம், ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.