புது காரில் துரு: எதை விடலாம், எதை விடக்கூடாது

வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத காரின் அடியில் குனிந்து பார்த்தாலும் அங்கங்கே காவி நிறம் தெரியும். பதற வேண்டாம். துரு எந்த இரும்பில் பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. பிரேக் பேட் உரசும் முகத்தில் பெயின்ட் கிடையாது. மழையில் ஒரு ராத்திரி நின்றாலே சிவந்துவிடும். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். சைலன்சர் பைப் இணைப்பு, போல்ட் தலை, சஸ்பென்ஷன் ஆர்மின் வெல்டிங் ஓரம் எல்லாம் கனமான இரும்பு. அங்கே இருப்பது மேல்துரு. வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டும்போது அடுக்கடுக்காக உரிந்தால்தான் மெக்கானிக்கிடம் போக வேண்டும். பிரேக் பைப் மட்டும் விதிவிலக்கு: அதில் துரு பொருக்குத் தட்டியிருந்தால் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள், பைப்பையே மாற்றுங்கள்.

பாடித் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட கனம் இருக்காது. அதைக் காப்பது துத்தநாகப் பூச்சும் பிரைமரும்தான். பெயின்ட் கொப்புளித்தால் துரு அடியில் பரவிவிட்டது என்று அர்த்தம். கதவின் அடி மடிப்பு, சக்கர வளைவின் உள்ஓரம், டிக்கிக் கதவின் கீழ்விளிம்பு, இந்த மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். கதவடியில் உள்ள வடிகால் துளைகளை மண் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள், கம்பி வேண்டாம், பூச்சு கீறும். கொப்புளம் தெரிந்தால் சுரண்டாமல் போட்டோ எடுத்து டீலரிடம் எழுத்தில் பதிவு செய்யுங்கள். துரு வாரன்டி பெரும்பாலும் தகடு உள்ளிருந்து துளைத்து ஓட்டையானால்தான் செல்லும். நீங்களே தேய்த்திருந்தால் அதுவும் சிக்கல்.

கல் பட்டுப் பெயர்ந்த புள்ளியை நீங்களே சரிசெய்யலாம். கழுவி முழுசாகக் காயவிடுங்கள். 320 நம்பர் உப்புத்தாளைச் சின்னதாக மடித்து, துரு இருக்கும் இடத்தை மட்டும் தேயுங்கள். அகலமாகத் தேய்த்தால் நல்ல துத்தநாகமும் போய்விடும். குழியில் கறுப்புப் புள்ளி மிஞ்சினால் ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவைப் பரவாத படலமாக மாற்றும் திரவம்) ஒரு துளி வைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை விடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து பிரைமர், பிறகு காரின் பெயின்ட் கோடுக்கு (நிறத்தைக் குறிக்கும் குறியீடு) உரிய டச்அப் பெயின்ட் இரண்டு மெல்லிய பூச்சு, கடைசியில் நிறமில்லாத கிளியர் கோட். ஒவ்வொன்றும் காயாமல் அடுத்ததைப் போட்டால் சுருங்கும். ஈரம் துளி இருந்தாலும் அதே இடம் மறுபடி கொப்புளிக்கும்.

வெள்ளைக் காரில் மிளகாய்த்தூள் தூவியதுபோல் பொட்டுகள் வந்தால் அது பெரும்பாலும் தகட்டின் துரு அல்ல. பிரேக்கிலிருந்தோ தண்டவாளத்திலிருந்தோ பறந்துவந்து ஒட்டிய இரும்புத்தூள். அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாகிக் கரையும்.

அடியில் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிக்கச் சொல்வார்கள். ஏற்கெனவே துரு உள்ள இடத்தில் அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், வெளியே தெரியவும் தெரியாது. அதைவிட மெழுகு வகைப் பூச்சு நல்லது. எதை அடித்தாலும் வடிகால் துளை, பிரேக், சைலன்சர் மூன்றிலும் படாமல் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.